தொடங்குவோருக்கு மானியம், லாபம் கண்டோருக்கு வரிச்சலுகை: நடுவில் நிற்கும் கிராமத் தொழில்

தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று (2015-16) இந்தியாவில் 6.34 கோடி குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றில் ஏறத்தாழ 3.25 கோடி, அதாவது பாதிக்கும் சற்று மேல், கிராமங்களில் இருந்தன. இந்த எண்ணிக்கையைப் பெருமையோடு சொல்லாத அரசு ஆவணம் இல்லை. ஆனால் அதே ஆய்வு அதை எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்று பார்த்தால் கவலைதான் மிஞ்சும். கிராமப்புறத்தில் குறுந்தொழில்கள் 3.24 கோடி. சிறுதொழில்கள் சுமார் 78,000. நடுத்தரத் தொழில்கள் சுமார் 1,000. அன்றைய வரையறைப்படி உற்பத்தித் துறையில் இயந்திர முதலீடு 25 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே அது சிறுதொழில். அந்த அளவுக்குக்கூட 400க்கு ஒன்றுதான் வளர்ந்திருந்தது.

தொழில் தொடங்க ஆளில்லை என்பது நம் கிராமங்களின் குறை அல்ல. தொடங்கியது தொடங்கிய அளவிலேயே நின்றுவிடுவதுதான் குறை. இதற்குச் சந்தை, சாலை, மின்சாரம், வங்கி, சாதி என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு அரசின் சலுகைகள் வடிவமைக்கப்பட்டிருக்கும் விதமும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம். மானியம் தொழில் பிறக்கும்போது வருகிறது. வரிச்சலுகை நல்ல லாபம் வந்த பிறகு வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் ஒரு தொழில் வளரும், அல்லது முடங்கும். அந்த ஆண்டுகளுக்கென்று நம்மிடம் இருப்பது மிகக் குறைவு.

மாவட்டத்துக்குக் கொடுத்த சலுகை

பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழிலைக் கொண்டுசெல்லச் சலுகை தரலாம் என்ற எண்ணம் இந்தியாவில் 1960களின் இறுதியில் கொள்கை வடிவம் பெற்றது. எந்தப் பகுதிகள் பின்தங்கியவை என்று அடையாளம் காண பாண்டே குழுவும், அங்கே என்ன நிதிச் சலுகைகள் தரலாம் என்று ஆராய வாஞ்சு குழுவும் 1968இல் அமைக்கப்பட்டன. அவற்றின் தொடர்ச்சியாக 1971இல் மத்திய முதலீட்டு மானியம் வந்தது. நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றில் போட்ட முதலீட்டில் ஒரு பங்கை அரசே திருப்பித் தந்தது. வருமான வரிச் சட்டத்தில் 80ஹெச்ஹெச் பிரிவு சேர்க்கப்பட்டது. பின்தங்கிய பகுதியில் தொடங்கும் தொழிலின் லாபத்தில் 20 சதவீதத்தைப் பத்தாண்டுகளுக்குக் கழித்துக்கொள்ள அது வழிசெய்தது. 1977 செப்டம்பருக்குப் பிறகு கிராமப்புறத்தில் தொடங்கிய சிறுதொழில்களுக்கு இதே சலுகையை 80ஹெச்ஹெச்ஏ பிரிவு தந்தது.

பத்தாண்டு அனுபவத்தை எடைபோட, பசுமைப் புரட்சிக் காலத்தில் வேளாண் துறைச் செயலாளராக இருந்த பி. சிவராமன் தலைமையில் 1978இல் ஒரு தேசியக் குழு அமைந்தது. பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட மாவட்டங்கள் பலவானாலும், மானியத்தின் பெரும்பகுதி வளர்ந்த நகரங்களுக்கு அருகிலிருந்த சில மாவட்டங்களிலேயே குவிந்துவிட்டதை அக்குழு சுட்டிக்காட்டியது.

நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் ஓசூர். அப்போது அது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி பின்தங்கிய மாவட்டம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். சிப்காட் வளாகம் அங்கே அமைந்தது. அசோக் லேலண்டும் டிவிஎஸும் டைட்டனும் வந்தன. ஓசூர் தமிழ்நாட்டின் முன்னணித் தொழில் நகரங்களில் ஒன்றானது. அது நல்லதே. ஆனால் அதே மாவட்டத்தின் மறுகோடியில் இருந்த பென்னாகரத்துக்கும் அரூருக்கும் அந்த அலை போய்ச் சேரவில்லை. சலுகை தரும்போது கணக்கில் எடுத்த எல்லைக்கோடு மாவட்டம். தொழில்முனைவோர் கணக்கில் எடுத்தது பெருநகரத்துக்கு உள்ள தூரம்.

இதே கதை 2003க்குப் பிறகு இமாசலப் பிரதேசத்தில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. பத்தாண்டு முழு உற்பத்தி வரி விலக்கு, முதல் ஐந்தாண்டு முழு வருமான வரி விலக்கு, 15 சதவீத முதலீட்டு மானியம் என்று இமாசலத்துக்கும் உத்தராகண்டுக்கும் மத்திய அரசு தொகுப்புச் சலுகை அறிவித்தது. மருந்துத் தொழிற்சாலைகள் இமாசலத்தின் பத்தி என்ற ஊரில் குவிந்தன. பத்தி இருப்பது சமவெளியை ஒட்டி, ஹரியானா எல்லையில், சண்டிகருக்கு அருகில். மலைக்கு மேலே இருந்த கிராமங்களை அந்தச் சலுகை பெரிதாக எட்டவில்லை. பெரிய அலகில் எல்லை வகுத்துச் சலுகை கொடுத்தால், அந்த எல்லைக்குள் ஏற்கெனவே வசதியாக இருக்கும் இடமே அதை எடுத்துக்கொள்ளும். ஐம்பது ஆண்டுகளில் இந்தியா கற்ற முதல் பாடம் இது.

தமிழ்நாடு இந்தப் பாடத்தை ஓரளவு கற்றுக்கொண்டது. மாவட்டத்தை விட்டு, ஊராட்சி ஒன்றியத்தை அலகாக எடுத்துக்கொண்டு, 250க்கும் மேற்பட்ட ஒன்றியங்களைத் தொழிலில் பின்தங்கியவை என்று அறிவித்து, அங்கே தொடங்கும் உற்பத்தித் தொழில்களுக்கு இயந்திர மதிப்பில் 25 சதவீத மூலதன மானியம் தருகிறது. மாநிலத்தில் மொத்தம் 388 ஒன்றியங்களே இருக்க, அவற்றில் பாதிக்கு மேல் பட்டியலில் வந்துவிட்டால் உண்மையிலேயே பின்தங்கிய ஒன்றியத்துக்குக் கிடைக்கும் முன்னுரிமை நீர்த்துப்போகிறது என்ற கேள்வி எழுகிறது. என்றாலும் அலகைச் சிறிதாக்கியது சரியான திசையில் வைத்த அடி.

வரிக்கழிவு யாருக்குப் பயன்படும்?

இடத்தைப் பற்றிய கேள்விக்கு அடுத்தது ஆளைப் பற்றிய கேள்வி. வரிக்கழிவு என்பது செலுத்த வேண்டிய வரியைக் குறைப்பது. வரியே இல்லாதவருக்கு அதைக் குறைத்து என்ன பயன்?

2025-26 நிதியாண்டு முதல், புதிய வருமான வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள தனிநபர் வரி கட்ட வேண்டியதில்லை. கிராமத்தில் ஒருவர் தன் பெயரிலேயே நடத்தும் அரிசி ஆலை, செங்கல் சூளை, தின்பண்டத் தயாரிப்பு, தறிக்கூடம் ஆகியவற்றில் மாதம் ஒரு லட்சம் நிகர லாபம் பார்ப்பவை எத்தனை? அந்த அளவைத் தொடாதவருக்கு எவ்வளவு தாராளமான வரிக்கழிவு அறிவித்தாலும் கைக்கு வருவது பூஜ்யம்.

வேலைவாய்ப்போடு இணைந்த ஒரு கழிவைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜேஜேஏஏ பிரிவில் வந்த விதி, கூடுதலாக ஆள் சேர்க்கும் நிறுவனம் அந்தக் கூடுதல் சம்பளச் செலவில் 30 சதவீதத்தை மூன்றாண்டுகளுக்கு லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்கிறது. மாதச் சம்பளம் 25,000 ரூபாய்க்கு மேல் போகாத தொழிலாளர்களுக்கே இது பொருந்தும். எனவே பார்த்த மாத்திரத்தில் கிராமத் தொழிலுக்காகவே எழுதப்பட்டதுபோல் தோன்றும். ஆனால் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். நிறுவனம் வரித் தணிக்கைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். தொழிலாளி அங்கீகரிக்கப்பட்ட வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராக இருக்க வேண்டும். சம்பளம் வங்கி வழியாகப் போக வேண்டும். தொழிலாளி ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். ஆடை, காலணி, தோல் தொழில்களுக்கு மட்டும் 150 நாட்கள்.

விற்றுமுதலில் 8 சதவீதத்தை, வங்கி வழிப் பரிவர்த்தனையானால் 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டி வரி கட்டும் அனுமான வரி முறையில் இருக்கும் சிறுதொழிலுக்குப் பொதுவாகத் தணிக்கை கிடையாது. அதனால் அது முதல் நிபந்தனையிலேயே வெளியேறிவிடுகிறது. இருபது பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் அலகை வைப்பு நிதிச் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே அடுத்த நிபந்தனையிலும் அது நிற்காது. அறுவடைக்கு ஆள் வயலுக்குப் போய்விடும் ஊரில் 240 நாள் நிபந்தனையும் எளிதல்ல. கணக்குத் தணிக்கை, வைப்பு நிதி, ஒழுங்கான சம்பளம் எல்லாம் வேண்டியவைதான். தொழிலாளியின் உரிமைகள் அவற்றில் அடங்கியிருக்கின்றன. ஆனால் அவற்றை எட்டிவிட்ட நிறுவனத்துக்குப் பரிசு தருகிறோமே தவிர, எட்ட முயலும் நிறுவனத்துக்குக் கை கொடுப்பதில்லை.

மானியத்தின் முதல் மூன்று ஆண்டுகள்

லாபம் இல்லாதவருக்கு உதவும் கருவி மானியம். நாட்டின் முதன்மைத் திட்டம் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். அதற்கு முன்பிருந்த இரண்டு திட்டங்களை இணைத்து 2008இல் தொடங்கப்பட்டது. காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையம் இதை நாடு முழுவதும் நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். 2022இல் உற்பத்தித் தொழிலுக்கான திட்ட மதிப்பின் உச்சவரம்பு 25 லட்சத்திலிருந்து 50 லட்சமாகவும், சேவைத் தொழிலுக்கு 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாகவும் உயர்ந்தது. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். கிராமத்துக்கென்று பத்துப் புள்ளி கூடுதல் என்பது இதன் சிறப்பு.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் 20 லட்சம் ரூபாயில் மரச்செக்கு எண்ணெய் ஆலை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. கொட்டகை, செக்கு, வடிகட்டும் இயந்திரம், தேங்காயும் நிலக்கடலையும் வாங்க நடைமுறை மூலதனம் ஆகியவை சேரும். அவர் கையிலிருந்து 5 சதவீதம், அதாவது ஒரு லட்சம் போட வேண்டும். மீதி 19 லட்சம் வங்கிக் கடன். மானியம் 35 சதவீதம், 7 லட்சம். இந்த 7 லட்சம் அவர் கையில் வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே அவர் பெயரில் மூன்றாண்டு வைப்பாக நிற்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வட்டி கிடையாது. ஆகவே அவர் வட்டி கட்டுவது 12 லட்சத்துக்கு மட்டுமே. ஆலை மூன்றாண்டு ஒழுங்காக ஓடினால் வைப்பு கடனில் வரவு வைக்கப்படும்.

மானியத்தை வாங்கிக்கொண்டு தொழிலைக் கைவிடுவதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. மானியத்துக்காகவே விலைப்புள்ளியை உயர்த்திக் காட்டுவதும், பெயரளவுக்கு ஓர் அலகைத் திறந்துவைப்பதும் நடக்காதவை அல்ல. அதனால் இந்தப் பூட்டு தேவை. ஆனால் ஆலை மூன்றாண்டு ஓடிய பிறகு என்ன என்பதுதான் நம் கேள்வி.

நான்காம் ஆண்டு

எண்ணெய்க்குப் பெயர் வந்துவிட்டது. திருப்பூரிலும் கோவையிலும் உள்ள கடைகள் கேட்கின்றன. இன்னும் இரண்டு செக்கு, பாட்டிலில் நிரப்பும் இயந்திரம், கூடுதல் மின்சுமை, ஆறு பேர் வேலைக்கு வேண்டும். வளர்வதற்கான இரண்டாவது கடன் இதே திட்டத்தில் உண்டு. உற்பத்தித் தொழிலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை. மானியம் 15 சதவீதம். தொடங்கும்போது 35 சதவீதம் பெற்றவருக்கு வளரும்போது 15. நிபந்தனைகள் இரண்டு முக்கியம்: மூன்று ஆண்டு தொடர்ந்து லாபம் காட்டியிருக்க வேண்டும், முதல் கடனை முழுமையாக அடைத்திருக்க வேண்டும். முதல் கடனுக்கு ஏழாண்டு வரை தவணை வைத்துக்கொள்ளத் திட்டமே அனுமதிக்கிறது. அப்படி வைத்துக்கொண்டவர் வளர ஏழாண்டு காத்திருக்க வேண்டும், அல்லது ஆலையில் சுழல வேண்டிய பணத்தை எடுத்துக் கடனை முன்கூட்டியே அடைக்க வேண்டும். திருப்பூர்க் கடைக்காரர் ஏழாண்டு காத்திருக்க மாட்டார்.

மாநில அரசின் மின்கட்டண மானியமும் இந்த நேரத்தில்தான் முடிகிறது. தாழ்வழுத்த மின்சாரத்துக்கு 20 சதவீதச் சலுகை, உற்பத்தி தொடங்கியதிலிருந்து 36 மாதங்களுக்கு. மூலதன மானியத்தைப் பொறுத்தவரை, இயந்திரத்தை வாங்கி நிறுவி உற்பத்தி தொடங்கிய பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடியும். அதாவது முதலில் போடும் பணம் தொழில்முனைவோருடையது அல்லது வங்கியுடையது. அடமானம் வைக்க நகரத்து மனை இல்லாத ஒருவருக்கு அந்த முதல் பணம்தான் தடையே.

வரிப் பக்கத்திலும் இதே நேரத்தில் ஒரு முட்டு வருகிறது. சரக்கு மற்றும் சேவை வரியில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. அதற்கு மேல் ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷன் முறையில் உற்பத்தியாளர் ஒரு சதவீதம் கட்டிவிட்டு எளிய கணக்கோடு இருக்கலாம். சிறியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் இந்த முறையில் இருப்பவர் தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ள முடியாது. வாங்கும் இயந்திரம் 3 லட்சம், அதற்கு வரி 18 சதவீதம் என்றால் 54,000 ரூபாய். முழுப் பதிவுள்ள நகரத்துப் போட்டியாளர் அந்த 54,000ஐத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். நம் எண்ணெய் ஆலைக்கு அது செலவு. மேலும், இவரிடம் வாங்கும் கடைக்கும் வரி வரவு கிடைக்காது. வெளிமாநிலத்துக்கும் இவர் விற்க முடியாது. பாலக்காட்டுக் கடை கேட்டாலும் கொடுக்க வழியில்லை. முழுப் பதிவுக்கு மாறினால் மாதாந்தரக் கணக்கு, கணக்கர் சம்பளம், கடனுக்கு விற்ற சரக்குக்குப் பணம் வருமுன்பே கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்ந்து வரும்.

ஆக, நான்காம் ஆண்டில் ஒரே நேரத்தில் மின்மானியம் நிற்கிறது, முதல் கடன் மீதி இருக்கிறது, வளர்ச்சி மானியம் எட்டாத தூரத்தில் இருக்கிறது, வரி முறை மாறச் சொல்லி நெருக்குகிறது. இதையெல்லாம் எண்ணிப்பார்த்து, இருப்பது போதும் என்று ஒருவர் நிற்பது சோம்பல் அல்ல, சரியான கணக்கு. கோடிக்கணக்கானோர் தனித்தனியாகப் போடும் இத்தகைய கணக்குகளும் 400க்கு ஒன்று என்பது போன்ற விகிதத்துக்கு ஒரு காரணம்.

ஏற்கெனவே நம்மிடம் உள்ள மாற்று வழிகள்

நம்பிக்கை தருவது என்னவென்றால், சரியான வடிவங்களும் நம்மிடம் இருக்கின்றன; அவை சிதறிக் கிடக்கின்றன.

உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் 120 ஒன்றியங்களில் செயல்படுத்தப்பட்ட வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் இணை மானியம் அவற்றில் ஒன்று. தொழில்முனைவோர் கடனில் 70 சதவீதத்தை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் மீதி 30 சதவீதம் மானியமாகக் கழிக்கப்படும். தொழில் ஓடுகிறது என்பதற்குத் தவணையே சான்று. அந்தச் சான்றோடு மானியம் கட்டப்பட்டிருக்கிறது.

2020இல் வந்த குறு உணவு பதப்படுத்தும் தொழில்களை முறைப்படுத்தும் திட்டம் மற்றொன்று. ஏற்கெனவே இயங்கும் அலகுகளை மேம்படுத்துவதை மையமாக வைத்து 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. அதோடு உரிமம், தரச் சான்று, கணக்கு ஆகியவற்றுக்குக் கைப்பிடித்து உதவ மாவட்ட அளவில் ஆட்களை வைத்திருக்கிறது. பொது வணிகப் பெயரும் சந்தைப்படுத்தலும் சேர்ந்து செய்வோருக்கு 50 சதவீத உதவி உண்டு. வளர்வது என்றால் வேறொரு ஒழுங்குக்கு மாறுவது என்று புரிந்துகொண்டு எழுதிய திட்டம் இது.

வரிச் சட்டத்துக்குள்ளேயே ஒரு நல்ல முன்மாதிரி, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 43பி(ஹெச்) பிரிவாக வந்த விதி. குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் 45 நாட்களுக்குள், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள், பணம் கொடுக்காத நிறுவனம், அந்தத் தொகையைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறையில் உள்ள இந்த விதிக்குச் சிறியவரிடம் லாபம் இருக்க வேண்டியதில்லை. வாங்குபவரின் வரியைக் கொண்டு விற்பவரின் நிலுவையை வசூலிக்கிறது. பதிவுபெற்ற சிறியவரை விட்டுப் பெரிய நிறுவனங்கள் வேறிடம் போய்விடுமோ என்ற அச்சம் ஜவுளி வணிகர்களிடையே எழுந்தது; அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் திசை சரியானது.

2025 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டமும் அப்படியே. கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்குப் பணமாகவே வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு, உற்பத்தித் துறையில் நான்கு ஆண்டுகளுக்கு. வரிக்கழிவாக இல்லாமல் பணமாக வருவதால் லாபமில்லாதவருக்கும் பயன்படும். வைப்பு நிதிப் பதிவு கட்டாயம் என்ற வாசல் மட்டும் அப்படியே நிற்கிறது.

நாட்டுக்கு வெளியிலும் ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் புதிய சந்தைகள் வரி வரவு 2000ஆம் ஆண்டில் வேறொரு வழியைத் திறந்தது. வருமானம் குறைந்த பகுதிகளில் முதலீடு செய்பவருக்கு, முதலீட்டில் 39 சதவீதம் ஏழாண்டுகளில் வரி வரவாகக் கிடைக்கும். வரி கட்டும் நிலையில் இருப்பவர் முதலீட்டாளர். வரி வரவு அவருக்கு, மூலதனம் உள்ளூர்த் தொழிலுக்கு. ஊரகப் பகுதிகளுக்கு உரிய பங்கு போய்ச்சேர வேண்டும் என்று 2006இல் சட்டம் வலியுறுத்தியது. இடைத்தரகு நிறுவனங்களின் கட்டணம் அதிகம் என்ற குறை அங்கே உண்டு. அதை அப்படியே இங்கே நட முடியாது. எனினும் வரிச்சலுகையின் பலன் வரி கட்டாதவரையும் அடையுமாறு வடிவமைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

என்ன செய்யலாம்

அரசு இன்னும் கூடுதலாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை அல்ல. இருக்கிற பணத்தின் ஒரு பகுதியை நான்காம் ஆண்டுக்கு நகர்த்த வேண்டும் என்பதுதான். முதல் கடனை முழுதாக அடைத்தால்தான் இரண்டாவது என்ற விதியை, மூன்றாண்டு தவறாமல் தவணை கட்டியவருக்குத் தளர்த்தலாம். இரண்டாவது கடனுக்கும் கிராமத்துக்கான பத்துப் புள்ளி கூடுதலைத் தரலாம். மின்மானியத்தை 36ஆவது மாதத்தில் ஒரேயடியாக நிறுத்தாமல், ஆள் சேர்த்த அலகுக்கு மட்டும் படிப்படியாகக் குறைக்கலாம். காம்போசிஷன் முறையிலிருந்து முழுப் பதிவுக்கு மாறும் கிராமத் தொழிலுக்கு முதல் இரண்டு ஆண்டு கணக்கர் செலவையும் வைப்பு நிதிப் பங்கையும் மானியமாகக் கொடுக்கலாம். பின்தங்கிய ஒன்றியங்களின் பட்டியலைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்து, முன்னேறியவற்றை நீக்கி, மீதியுள்ளவற்றுக்குச் சலுகையை அடர்த்தியாக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளவுகோல் மாற வேண்டும். இத்தனை விண்ணப்பம், இத்தனை அலகு, இத்தனை கோடி மானியம் என்று ஆண்டறிக்கைகள் தொடக்கத்தையே எண்ணுகின்றன. ஐந்தாண்டுக்கு முன் மானியம் பெற்றவற்றில் எத்தனை இன்று இயங்குகின்றன, எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கின்றன, எத்தனை அடுத்த படிக்கு ஏறின என்பதை ஒன்றியவாரியாக ஆண்டுதோறும் வெளியிடும் கடமையை அரசு ஏற்க வேண்டும். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் அதிகாரி செய்துமுடிப்பார். வளர்ந்தவற்றை எண்ணத் தொடங்கும் நாளில்தான் கிராமத்தில் தொழில் தொடங்கிய ஒருவருக்கு அங்கேயே இருந்து வளரவும் வழி பிறக்கும்.